சோமாலிய ஒற்றுமையும் அந்நியப் படைகளும்: ‘இரட்டை வேடம்’ என்ற குற்றச்சாட்டை விவாதிக்கும் முறை

சோமாலியாவைப் பற்றிய விவாதங்களில் அந்நியப் படை என்ற பேச்சு எழுந்ததும், பேச்சாளர்கள் ஒருவரையொருவர் துரோகி என்று சுட்டத் தொடங்கிவிடுகிறார்கள். எத்தியோப்பியாவை அழைத்தவர் நீ, எரித்திரியாவில் போய் அமர்ந்தவர் உன் தலைவர், அமெரிக்காவிடம் பணம் பெற்றவர் உன் தளபதி என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை உண்மை என்பதுதான் சிக்கல். எல்லாத் தரப்பின் கையிலும் அடுத்தவருக்கு எதிரான உண்மைச் சான்றுகள் இருப்பதால், யாரும் எதையும் நிறுவாமலே அவை கலைகிறது. கல்லூரி விவாத மேடையிலோ வாசிப்பு வட்டத்திலோ சோமாலிய நண்பர்கள் இருக்கும் அவையிலோ இப்பொருளை எடுத்துக்கொள்ள விரும்புவோர், அந்த முட்டுச்சந்தில் போய் நிற்காமல் பேசுவதற்கான முறையை இங்கே விளக்குகிறேன்.

ஒரு தலையீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

‘சோமாலியாவில் அந்நியத் தலையீடு’ என்று பொதுவாகத் தலைப்பு வைத்தால் விவாதம் நிச்சயம் சிதறும். 1992 டிசம்பரில் பஞ்ச நிவாரணத்துக்காக அமெரிக்கத் தலைமையில் வந்த படையும், 2006 இல் எல்லை கடந்து வந்த எத்தியோப்பியப் படையும், 2007 முதல் ஐ.நா. ஒப்புதலோடு நிலைகொண்ட ஆப்பிரிக்க ஒன்றியப் படையும், 2011 அக்டோபரில் தெற்கே நுழைந்த கென்யப் படையும் ஒன்றல்ல. யார் அழைத்தார், எந்த அதிகாரத்தின்பேரில் வந்தார்கள், யாரோடு போரிட்டார்கள் என்பவை ஒவ்வொன்றிலும் வேறுபடுகின்றன. இவற்றில் 2006 டிசம்பரை எடுத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். ஒற்றுமை, குலம், மதம், அண்டை நாட்டுப் பகை, வல்லரசின் கை என எல்லாமே அதில் ஒருங்கே தென்படுகின்றன. ஆவணங்களும் போதிய அளவு உள்ளன.

விவாதத்தைத் தொடங்குமுன் நிகழ்வு வரிசையை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி முன்வைக்க வேண்டும். 2004 அக்டோபரில் கென்யாவில் நடந்த மாநாட்டின் வழியாக அப்துல்லாஹி யூசுப் அதிபராகத் தேர்வு பெற்று இடைக்கால அரசு உருவானது; அது தலைநகரான மொகதிஷுவுக்குள் நுழைய இயலாமல் பைதோவா நகரில் இருந்தது. 2006 ஜூனில், அமெரிக்க ஆதரவு பெற்ற ஆயுதக் குழுத் தலைவர்களை முறியடித்து ஷரியா நீதிமன்றங்களின் கூட்டணியான இஸ்லாமிய நீதிமன்றங்களின் ஒன்றியம் மொகதிஷுவைக் கைப்பற்றியது. டிசம்பர் 6 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1725ஆம் தீர்மானத்தின் வழியாக இடைக்கால அரசைக் காக்க ஒரு வட்டாரப் படைக்கு ஒப்புதல் தந்தது. சோமாலியாவோடு எல்லை உள்ள நாடுகள் அப்படைக்குத் துருப்புகளை அனுப்பக் கூடாது என்ற ஏற்பாட்டையும் அதே தீர்மானம் ஏற்றுக்கொண்டது. ஆனால் டிசம்பர் 28 அன்று, அதாவது மூன்று வாரங்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், எத்தியோப்பியப் படையின் துணையோடு இடைக்கால அரசின் படைகள் மொகதிஷுவுக்குள் நுழைந்தன.

எத்தியோப்பியா தந்த காரணங்கள் இரண்டு. சட்டபூர்வ அரசு எங்களை அழைத்தது என்பது ஒன்று. எங்கள் பாதுகாப்புக்கு நேர்ந்த அச்சுறுத்தலுக்குப் பதிலடி கொடுத்தோம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் தனித்தனியே விவாதிக்க வேண்டும். முதலாவதைச் சோதிக்க, அழைத்த அரசுக்கு நாட்டின் எவ்வளவு பகுதி கட்டுப்பட்டிருந்தது, அதன் நாடாளுமன்றத்துக்கே அதில் உடன்பாடு இருந்ததா என்று கேட்க வேண்டும். நீதிமன்றத் தரப்போடு பேச்சு நடத்திய அவைத் தலைவர் ஷரீப் ஹசன் ஷேக் ஆதனை 2007 ஜனவரியில் அதே நாடாளுமன்றம் பதவி நீக்கியது இங்கே முக்கியமான சான்று. இரண்டாவதைச் சோதிக்க, எத்தியோப்பிய எதிர்ப்புக் குழுக்களுக்கு எரித்திரியாவின் வழியாகச் சோமாலிய மண்ணில் கிடைத்த ஆதரவையும், எத்தியோப்பியாவில் சோமாலியர் வாழும் ஓகாடன் பகுதி குறித்து நீதிமன்றத் தலைவர்களில் சிலர் பேசியவற்றையும் எடைபோட வேண்டும். இரண்டையும் கலந்து பேச இடம்கொடுத்தால், ஒரு காரணம் தளரும்போதெல்லாம் பேச்சாளர் மற்றதற்குத் தாவிவிடுவார். நெறியாளர் அதைத் தடுத்தாக வேண்டும்.

எந்த ஒற்றுமை என்று கேளுங்கள்

ஒற்றுமை என்று முழங்குபவரிடம், எவற்றின் ஒற்றுமை என்று பணிவாகக் கேட்பது அடுத்த படி. சோமாலியக் கொடியிலுள்ள வெண்ணிற விண்மீனுக்கு ஐந்து முனைகள். அவை முன்னாள் இத்தாலியப் பகுதி, முன்னாள் பிரிட்டிஷ் பகுதி, இன்றைய ஜிபூத்தி, எத்தியோப்பியாவின் ஓகாடன், கென்யாவின் வடகிழக்கு ஆகிய ஐந்து நிலப்பகுதிகளைக் குறிப்பவை. அந்த ஐந்தையும் ஒன்றாக்குவது ஒரு வகை ஒற்றுமை. 1960 ஜூன் 26 அன்று விடுதலை பெற்ற வடக்கும், ஜூலை 1 அன்று விடுதலை பெற்ற தெற்கும் சேர்ந்து அமைத்த குடியரசைக் காப்பது இன்னொரு வகை. மொகதிஷுவில் ஒன்றோடொன்று மோதிய குலங்களை ஒரே அரசின்கீழ்க் கொண்டுவருவது மூன்றாவது வகை. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும் என்று கொள்ள முடியாது. பல வேளைகளில் ஒன்று மற்றொன்றைக் கெடுத்திருக்கிறது. 1977 இல் ஓகாடனுக்காக அன்றைய அதிபர் சியாத் பரே தொடங்கிய போர், சோவியத், கியூப உதவியோடு எத்தியோப்பியா வெல்ல, 1978 இல் தோல்வியில் முடிந்தது. உள்நாட்டில் அவருக்கு எதிரான ஆயுதக் குழுக்கள் முளைத்தது அந்தத் தோல்விக்குப் பின்னரே.

இரட்டை அளவுகோலைத் தனிமனிதரின் குணக்கேடாக மட்டும் பார்ப்பவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். 1964 இல் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, காலனிய ஆட்சி விட்டுச்சென்ற எல்லைகளை மதிப்பதென்று தீர்மானித்தபோது, சோமாலியா அதை ஏற்க மறுத்தது. சோமாலியர் வாழும் நிலமே சோமாலியாவின் எல்லை என்பது அதன் அன்றைய வாதம். இன்று அதே நாடு, முன்னாள் பிரிட்டிஷ் பகுதியான சோமாலிலாந்து பிரிவதை எதிர்க்கும்போது எல்லைகளின் புனிதத்தைப் பேசுகிறது. சோமாலிலாந்தோ, 1991 மே மாதம் தன் பிரிவை அறிவித்தது முதல், பிரிட்டிஷ் ஆட்சி வரைந்த எல்லையையே தன் உரிமைக்கு ஆதாரமாகக் காட்டுகிறது. ஆனால் அந்த எல்லைக்குள் இருக்கும் லாஸ் அனோத் நகரத்தார் 2023 இல் சோமாலிலாந்தின் தலைநகரான ஹர்கெய்சாவின் ஆட்சியை ஏற்க மறுத்தபோது, தன்னுரிமை என்ற அதே வாதம் அவர்களுக்கு மறுக்கப்பட்டு மாதக்கணக்கில் போர் நடந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற நம் பழமொழி இரு தலைநகரங்களுக்கும் பொருந்தும். விவாதிப்பவர் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அவரும் ஒரு கட்சிக்காரராகிவிடுவார்.

நிலைமாற்றமா, இரட்டை வேடமா?

ஒருவர் முன்பு சொன்னதற்கு மாறாகப் பின்பு நடந்தார் என்று காட்டிவிட்டால் குற்றம் நிறுவப்பட்டுவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். சூழல் மாறியதா, அந்த மாற்றத்துக்கு அவர் வெளிப்படையாகக் காரணம் சொன்னாரா, தனக்கு அனுமதித்துக்கொண்டதை எதிரிக்கும் அனுமதித்தாரா என்ற கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே இரட்டை வேடம் என்ற சொல்லைப் பயன்படுத்தலாம்.

ஷேக் ஷரீப் ஷேக் அகமதுவை எடுத்துக்கொள்வோம். 2006 இல் அவர் நீதிமன்ற ஒன்றியத்தின் தலைவர். எந்த அந்நியப் படையும் சோமாலியாவுக்குள் வரக் கூடாது என்பது அவ்வமைப்பின் நிலைப்பாடு. 2009 ஜனவரி இறுதியில் அவரே அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேர்வு நடந்தது அண்டை நாடான ஜிபூத்தியில். உகாண்டா, புருண்டி வீரர்களைக் கொண்ட ஆப்பிரிக்க ஒன்றியப் படை இல்லாமல் அவரால் மொகதிஷுவில் அரசு நடத்தியிருக்க முடியாது. நேற்றைய தோழரான ஹசன் தாஹிர் அவேய்ஸ் அவருக்கு எதிராக ஆயுதம் ஏந்தினார். ஷேக் ஷரீபைக் குற்றம் சாட்டுபவர் இவ்வளவையும் சொல்லலாம். அவருக்காகப் பேசுபவருக்கும் வலுவான பதில் உண்டு: 2008 இல் அவர் தரப்பு செய்துகொண்ட ஜிபூத்தி உடன்பாடு எத்தியோப்பியப் படை வெளியேறுவதற்கு வழிசெய்தது, 2009 ஜனவரியில் அப்படை வெளியேறவும் செய்தது, பின்னர் அவரைக் காத்த படை எல்லை நாட்டுப் படையல்ல, ஐ.நா. ஒப்புதல் பெற்றது. இரண்டு வாதங்களையும் முழு வலுவோடு கேட்ட பிறகு அவையே முடிவு செய்யட்டும். என் கணிப்பில் அது இரட்டை வேடமென்பதைவிட, தோற்ற வழியைக் கைவிட்டுப் பயனளித்த வழியைப் பற்றிக்கொண்ட அரசியல். ஆனால் அம்மாற்றத்தை அவர் தம் பழைய தொண்டர்களுக்குப் போதிய அளவு விளக்கவில்லை என்ற குறை நியாயமானது.

அப்துல்லாஹி யூசுப்பின் வரலாறு இன்னும் சிக்கலானது. 1978 இன் தோல்வியுற்ற இராணுவப் புரட்சிக்குப் பின் எத்தியோப்பியாவுக்குத் தப்பி, அங்கிருந்தே சியாத் பரேயை எதிர்த்துப் போரிட்டவர் அவர். 1982 இல் அவருடைய அணியும் எத்தியோப்பியப் படையும் சேர்ந்து பலன்பலே, கல்தொகோப் ஆகிய எல்லை ஊர்களைப் பிடித்தன. ‘எத்தியோப்பியாவின் ஆள்’ என்ற பட்டத்துக்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் பின்னர் அதே எத்தியோப்பிய ஆட்சியோடு முரண்பட்டு, 1991 இல் அதன் தலைவர் மெங்கிஸ்து வீழும்வரை அவர் அந்நாட்டுச் சிறையில் கிடந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லாத பேச்சு பாதி உண்மைதான். சியாத் பரேயை எதிர்த்த வடக்கின் எஸ்.என்.எம். (சோமாலிய தேசிய இயக்கம்) அமைப்பும், தளபதி ஐதீதின் அணியும்கூட எத்தியோப்பிய மண்ணில் தளம் வைத்திருந்தவையே. மறுபக்கம், சியாத் பரே எத்தியோப்பியாவின் எதிர்ப்பாளர்களைத் தாங்கினார். பின்னாளில் எத்தியோப்பியாவை ஆண்ட திக்ரே விடுதலை முன்னணியின் தலைவர்கள் சோமாலியக் கடவுச்சீட்டில் பயணம் செய்தவர்கள். ஆக, அண்டை நாட்டு உதவியை நாடியவர் என்ற ஒன்றை மட்டும் துரோகத்துக்கு இலக்கணமாக வைத்தால் சோமாலிய அரசியலில் யாரும் மிஞ்ச மாட்டார்கள். என்ன விலைக்கு நாடினார், அந்த விலையைக் கொடுத்தவர்கள் யார் என்ற கேள்விகளுக்கு விவாதத்தை நகர்த்துவதே பயன் தரும்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எதிராளி இரட்டை வேடக்காரர் என்று நிறுவிவிட்டாலும் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. எரித்திரியத் தலைநகர் அஸ்மாராவில் அமர்ந்து, எத்தியோப்பியாவோடு பகை கொண்ட ஓர் அரசின் செலவில், அந்நியத் தலையீட்டைக் கண்டித்தவர்களிடம் முரண் இருந்தது உண்மை. அதனால் மொகதிஷுவின் குடியிருப்புகள்மேல் விழுந்த பீரங்கிக் குண்டுகள் இல்லாமல் போய்விடவில்லை.

குலப் பெயர்களைக் கையாளுதல்

நாடாளுமன்ற இடங்களை நான்கு பெருங்குலங்களுக்குச் சமமாகவும், சிறுபான்மைக் குழுக்கள் அனைத்துக்கும் சேர்த்து அதில் பாதியாகவும் பங்கிடும் ‘நாலரை’ முறை வழக்கில் உள்ள நாட்டில், குலத்தைத் தொடாமல் அரசியல் பேச முடியாது. ஆயினும் குலத்தை ஒருவருடைய கருத்துக்கான விளக்கமாக்குவது வேறு, நிகழ்வுக்கான விளக்கமாக்குவது வேறு. அவையில் பேசும் சோமாலியரிடம் அவருடைய குலத்தை ஒருபோதும் கேட்கக் கூடாது. ‘நீங்கள் இன்னார் என்பதால் இப்படிப் பேசுகிறீர்கள்’ என்ற வாக்கியத்தை நெறியாளர் உடனே நிறுத்த வேண்டும். அதே வேளையில், 1991 இல் மொகதிஷுவிலிருந்து தாரோத் குலத்தார் கொல்லப்பட்டும் விரட்டப்பட்டும் போன நினைவும், 2007 இல் குண்டு விழுந்த பகுதிகள் பெரும்பாலும் ஹவியே குலத்தார் வாழ்ந்தவை என்ற நினைவும், 1988 இல் ஹர்கெய்சாவைத் தன் நாட்டு விமானங்களே தகர்த்த இசாக் குலத்தாரின் நினைவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு துயரத்தை இன்னொன்றால் ஈடுகட்ட முயலும் பேச்சுக்கு அவை இடம் தரக் கூடாது.

பொதுமக்களைப் பற்றிய பேச்சுக்குத் தனி நேரம்

இறையாண்மை, துரோகம், வல்லரசு என்று பேசிக்கொண்டே போனால் மக்கள் காணாமல் போவார்கள். ஆகவே மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பகுதியையாவது இதற்கென ஒதுக்குங்கள். 2007 இல் மட்டும் சுமார் ஆறு லட்சம் பேர் மொகதிஷுவை விட்டு வெளியேறினார்கள் என்று ஐ.நா. அகதிகள் அமைப்பு மதிப்பிட்டது. எத்தியோப்பியப் படை குடியிருப்புகளை இலக்குப் பாராமல் தாக்கியதையும், கிளர்ச்சியாளர்கள் மக்கள் நெருக்கம் மிகுந்த இடங்களிலிருந்து சுட்டு அவ்விடங்களை இலக்காக்கியதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. தன் தரப்பு செய்ததைத் தன் வாயால் சொல்லும்படி ஒவ்வொரு பேச்சாளரையும் கேளுங்கள். அழைப்பை ஆதரிப்பவர் பீரங்கித் தாக்குதலைப் பற்றியும், எதிர்ப்பை ஆதரிப்பவர் சந்தைப் பகுதியிலிருந்து ஏவப்பட்ட குண்டுகளைப் பற்றியும் முதலில் பேசட்டும். இந்த ஒரு விதியை ஏற்றுக்கொண்டாலே அவையின் தொனி மாறிவிடும்.

எத்தியோப்பியா வந்ததால்தான் அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழு வளர்ந்தது என்ற வாதமும் இந்த நேரத்திலேயே எழும். அவ்வமைப்பு 2006க்கு முன்பே நீதிமன்றங்களின் இளைஞர் அணியாக இருந்தது. ஆனால் ஆக்கிரமிப்பை எதிர்க்கும் படை என்ற மதிப்பு அதற்குக் கிடைத்தது படையெடுப்புக்குப் பின்னரே. இரண்டு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பதால் இதில் நெடுநேரம் செலவிட வேண்டியதில்லை.

இன்றைய நிகழ்வில் சோதித்துப் பாருங்கள்

2006 ஐ வைத்துப் பழகிய கேள்விகளை, இறுதிச் சுற்றில் 2024 இன் நிகழ்வுகளுக்குப் பயன்படுத்தலாம். அவ்வாண்டு ஜனவரி 1 அன்று எத்தியோப்பியாவும் சோமாலிலாந்தும் கடற்கரைக் குத்தகை பற்றி ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. அதை இறையாண்மை மீறல் என்று கண்டித்த மொகதிஷு அரசு, அல்-ஷபாபுக்கு எதிராகப் பல ஆண்டுகள் தன்னோடு நின்ற எத்தியோப்பியத் துருப்புகள் வெளியேற வேண்டும் என்றது. ஆகஸ்டில் எகிப்தோடு இராணுவ உடன்பாடு செய்துகொண்டது. பைதோவாவிலிருந்து ஆளப்படும் தென்மேற்கு மாநிலத்தில் எத்தியோப்பியப் படை நீடிக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. டிசம்பரில் துருக்கியின் சமரச முயற்சியால் அங்காராவில் இரு நாடுகளும் இணங்கின. 2025 இல் தொடங்கிய புதிய ஆப்பிரிக்க ஒன்றியப் படையில் எத்தியோப்பியாவும் இடம்பெற்றது. இங்கே அழைத்தவர் யார், கண்டித்தவர் யார், எகிப்தை அழைக்கும் உரிமை மொகதிஷுவுக்கு உண்டென்பவர் 2006 இல் பைதோவாவுக்கு அந்த உரிமையை மறுத்தாரா, ஹர்கெய்சாவின் ஒப்பந்த உரிமையை ஆதரிப்பவர் லாஸ் அனோத்துக்கு என்ன பதில் சொல்கிறார் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். விடைகளை எழுத்தில் தரச் சொல்லி, 2006 பற்றி அவர் முதல் சுற்றில் எழுதிக் கொடுத்த விடைக்குப் பக்கத்தில் வைத்து உரக்க வாசியுங்கள்; எங்கே அளவுகோல் மாறியிருக்கிறதோ அங்கே காரணம் கேட்டு, அதற்குப் பதில் சொல்ல அவருக்கு முழு நேரம் கொடுங்கள்.