வெள்ளவாய்க்கால் ஓரத்துப் பூங்கா: சிரமதானத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலியில் கடல்நீரேரியோடு சேர்ந்துவிடும். நகரத்துக்குள் இருப்பவை குளங்களும், மழைவெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் வெள்ளவாய்க்கால்களும்தான். எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் அப்படி ஒரு வாய்க்கால். அதன் ஓரத்தில் இரண்டு சீமெந்து வாங்குகளும் ஒரு வாகை மரமும் உள்ள துண்டு நிலம். பலகையில் பூங்கா என்றுதான் எழுதியிருக்கிறது. நாலு வருடமாக ஞாயிறு காலையில் சிரமதானமாக, சம்பளமில்லாமல் கூடி, அதைப் பார்த்துக்கொள்கிறோம். பட்டுத் தெரிந்துகொண்டதை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

முதலில்: ஒரு மழையைப் பாருங்கள்

மண்வெட்டியைத் தொடமுன் குடையோடு போய் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த இடத்தில் கரையை அரிக்கிறது என்று ஒரு கொப்பியில் கீறிக்கொள்ளுங்கள். மழை இல்லாத காலமென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். 2008 நிஷா புயலுக்கும் 2020 புரேவிக்கும் வெள்ளம் எதுவரை ஏறியது என்று மதிலைக் காட்டிச் சொல்ல யாராவது இருப்பார்கள். நாங்கள் முதல் நாள் கயிறு கட்டி அளந்துகொண்டிருக்க, எதிர்வீட்டு அம்மம்மா படலையில் நின்று, “தம்பி, உங்கை ஏன் மினக்கெடுறியள்? வெள்ளம் உந்த மதகாலைதான் ஏறும்” என்றார். அந்த மாரியில் அப்படியேதான் ஏறியது.

அனுமதி

நிலம் மாநகர சபையினுடையதா, கோயிலினுடையதா, வேறு திணைக்களத்தினுடையதா என்று விசாரித்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதே கடிதத்தில் குப்பை ஏற்ற உழவு இயந்திரப் பெட்டியும் கேட்டுவிடுங்கள். அள்ளிக் குவித்த குப்பை ஏற்றப்படாமல் ஒரு கிழமை கிடந்தால் பாதி திரும்பவும் வாய்க்காலுக்குள்தான் போகும்.

ஆவணி, புரட்டாதி: குப்பையும் களையும்

வாய்க்கால் வற்றிக் கிடக்கும் நேரம் இதுதான். தேவையானவை: நீளக்கைச் சட்டை, மூடிய சப்பாத்து, தடித்த கையுறை, குப்பை வாரும் முள்ளுக் கரண்டி, மண்வெட்டி, ஒரு கொக்கத்தடி, உரப்பைகள். போத்தல், பொலித்தீன், மற்றவை என்று மூன்றாகப் பிரித்தால் போதும். சிரட்டை, யோகட் கோப்பை, பழைய ரயர் மூன்றையும் ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது பெரும்பாலும் இந்தச் சின்னச் சின்னத் தண்ணீரில்தான்.

குப்பைக் குவியலுக்குள் நேரே கையை விடாதீர்கள். தடியால் கிளறுங்கள், சுருட்டைப் பாம்போ புடையன் பாம்போ படுத்திருக்கும். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். ஆளை அசையாமல் வைத்து 1990 இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும். சேற்றில் துருப்பிடித்த இரும்பு ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் தட்டிப் பார்க்கவே கூடாது. எல்லாரையும் விலக்கிவிட்டு பொலிஸுக்கு, 119 இலக்கத்தில், சொல்லுங்கள். போர் முடிந்து இத்தனை வருடமென்று அலட்சியமாக இருக்கக்கூடிய மண் அல்ல இது.

இன்னொன்று, எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ் மாவட்டத்தில் அது உயிர்களை எடுத்தது. காலில் புண் இருப்பவர் தண்ணீருக்குள் இறங்கவேண்டாம், கரையில் பை பிடிக்கட்டும். மற்றவர்கள் தடுப்பு மாத்திரை தேவையா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

களையில் முதல் எதிரி பார்த்தீனியம். கரட் இலை போன்ற இலையும், நுனியில் பொட்டுப் பொட்டாக வெள்ளைப் பூவும் இருக்கும். பூக்கமுன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையோடு வேரோடு இழுங்கள். வெட்டினால் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். பூத்துவிட்டதென்றால் அசைக்காமல் செடியின் மேலே உரப்பையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு இழுங்கள், ஒரு செடியிலேயே ஆயிரக்கணக்கில் விதை இருக்கும். இதைப் பசளைக் குழியில் போடாதீர்கள். தோல் அரிப்பு, இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் இந்த வேலைக்கு வேண்டாம்.

அதற்காகக் கரையில் பச்சையாக இருப்பதையெல்லாம் செதுக்கிவிடக் கூடாது. நாங்கள் முதல் வருடம் அதைத்தான் செய்தோம். அறுகு, கோரை எல்லாவற்றையும் வழித்து, கரையை மொட்டையடித்து, படமும் எடுத்துப் போட்டோம். பார்க்க நல்ல வடிவுதான். கார்த்திகையில் மூன்று நாள் மழை. கரை அப்படியே சரிந்து வாய்க்காலுக்குள் இறங்க, அள்ளிய மண்ணைவிடக் கூட மண் உள்ளே வந்துவிட்டது. கரையைப் பிடித்துவைத்திருந்தது அந்தப் புல்தான். அடுத்த வருடம் அறுகைத் துண்டு துண்டாகப் பெயர்த்து வந்து, ஒரு சாண் இடைவெளியில் பதித்தோம்.

ஐப்பசி: நடுகை

முதல் நல்ல மழை மண்ணில் இறங்கியபின் நடுங்கள். குழி இரண்டடிக்கு இரண்டடி. சில இடங்களில் அதற்குள்ளேயே சுண்ணாம்புக் கல் தட்டும். அலவாங்கால் உடைத்துக் குழியைக் கொஞ்சம் ஆழமாக்குங்கள், முடியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். உவர் ஏறும் பக்கத்துக்குப் பூவரசு. கன்று வாங்கவே தேவையில்லை. வேலி வெட்டும் வீட்டில் கேட்டால் கதியால் (வேலிக்கு நடும் கிளைத்தடி) சும்மா தருவார்கள், ஒன்றரை அடி ஆழத்தில் இறுக்கி நட்டால் மாரியிலேயே துளிர்விடும். உவர் இல்லாத பக்கம் மருது, நாவல், சற்று மேட்டில் வேம்பு, இலுப்பை. இப்பிலிப்பில் மரக்கன்றை யாராவது அன்பாகக் கொண்டுவந்தால் அன்பாகவே திருப்பி அனுப்புங்கள். அது ஒருமுறை காலூன்றினால் மற்றதை வளரவிடாது.

கன்றைச் சுற்றி உடனே கூடு கட்டுங்கள். நாளைக்கு என்றால் கட்டாக்காலி மாடு இன்றிரவே வரும். பனைமட்டையை வட்டமாக ஊன்றி குறுக்கே இரண்டு வரிச்சுத் தடி போட்டுக் கட்டினால் ஒரு வருடம் தாங்கும். அடியில் குழையும் காவோலைத் துண்டும் பரப்புங்கள், தண்டில் மட்டும் முட்டவேண்டாம்.

தை தொடக்கம்: தண்ணீர்

நடுகைக்கு முப்பது பேர் வருவார்கள், பங்குனி வெயிலில் வாளி தூக்க மூன்று பேர் வருவார்கள். ஆகவே அந்த மூன்று பேர் எத்தனை கன்றுக்கு ஊற்ற முடியும் என்று கணக்குப் பார்த்து, அத்தனை மட்டும் நடுங்கள். எல்லாக் குழுக்களுக்கும் நான் சொல்வது இதைத்தான், கேட்பவர்கள் குறைவு.

அடியில் ஊசியால் இரண்டு ஓட்டை போட்ட 5 லீற்றர் போத்தலைக் கன்றருகே பாதி புதைத்து நிரப்பிவிட்டால் தண்ணீர் மெதுவாக வேருக்கு இறங்கும். நகரத்துக் கிணறுகள் பல உவர், வாயில் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். யாருக்கு எந்த நாள் தண்ணீர் ஊற்றும் முறை என்று எழுதிய தாளைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒட்டுங்கள். யார் வரவில்லை என்று கடைக்காரருக்குத் தெரிந்தால் அடுத்தமுறை வருவார்கள். எனக்குச் செவ்வாய்க்கிழமை. போன கிழமை போகவில்லை, இன்னும் அந்தக் கடைப்பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன்.