கையில் இருக்கிற காசுக்குள் குசினியைத் திருத்துவது

குசினி திருத்தப்போகிறோம் என்றால் பலரும் முதலில் விலை கேட்பது பன்ட்ரி அலுமாரிக்குத்தான். காசு கரைகிற இடமும் அதுதான், ஆகவே அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வெளிச்சம், புகை, மேடை, சுவர் என்று தொடங்கி, மிஞ்சுகிற காசில் அலுமாரியைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் உள்ளே பளபளவென்று ஒரு பன்ட்ரி இருக்கும், சமையல் மட்டும் பின்பக்கத்துக் கொட்டிலில் நடக்கும். அப்படி ஒன்றுக்காகக் கடன்படுவது வீண்.

வெளிச்சத்துக்கு அதிகம் செலவில்லை. ஓட்டு வீடு என்றால் மேடைக்கு நேர் மேலே இரண்டு ஓட்டைக் கழற்றிவிட்டு கண்ணாடி ஓடு போடுங்கள், பகலில் லைற்றே தேவைப்படாது. ஓடு மாற்ற ஏறுகிறவரிடம் உடைந்த ஓடுகளையும் பார்த்து மாற்றச் சொல்லுங்கள், இரண்டு தரம் கூலி கொடுக்க வேண்டாம். கூரை அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் அதை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் கெடுதல். அந்த வீட்டில் யன்னலைப் பெரிதாக்குவதுதான் வழி.

விறகடுப்பை இடித்துவிடாதீர்கள். 2022இல் காஸுக்கு வரிசையில் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதைவிட, மிளகாய்த்தூளுக்குச் சரக்கு வறுக்கிற நாளில் அந்தக் காரத்தை வீட்டுக்குள் வைத்திருக்கவும் முடியாது. புகைக்கூடு இருந்தால் கரியைத் தட்டித் துப்புரவாக்குங்கள், இல்லாவிட்டால் அடுப்பைப் பின் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். காஸ் அடுப்பு உள்ளே இருக்கலாம். ஆனால் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு தங்கும், அதனால் மேலே யன்னல் இருந்தால் மட்டும் போதாது, நிலமட்டத்திலும் காற்றுப் போக ஒரு வழி வேண்டும். சிலிண்டரை மூடிய அலுமாரிக்குள் ஒளித்து வைப்பது பார்க்க வடிவுதான், ஆனால் செய்யாதீர்கள். புதிதாகப் பூட்டினால் சவர்க்கார நுரையைப் பூசிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிகிறது.

மேடைக்குத்தான் காசைத் தாராளமாக விடலாம். இரண்டு அடி அகலத்தில், கம்பி போட்ட கொங்கிறீற் தட்டை சீமெந்துக் கல் சுவர்களின் மேல் ஊற்றினால் கறையானும் தின்னாது, தண்ணீரில் ஊதவும் மாட்டாது. உயரத்தை மேசன் சொல்கிறபடி விடாமல், அங்கே அதிகம் நிற்கிறவர் கையை மடக்கிப் பார்த்து, முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே வருகிற மாதிரி வையுங்கள். வழக்கமாகக் கட்டுகிற 34, 36 அங்குலம் எங்கள் அம்மாக்கள் பலருக்கு உயரம் கூட, தோள் நோகும். இன்னொன்று, தட்டு முன்பக்கம் இரண்டு அங்குலம் வெளியே நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருகிப் பூட்டுகிற தேங்காய்த் திருவலையை எங்கே பூட்டுவது? ஊற்றிய பிறகு ஒரு கிழமை நனைத்த சாக்குப் போட்டு ஈரமாகவே வைத்திருங்கள், அவசரப்பட்டால் வெடிக்கும். மேலே கருங்கல் பலகை முழுவதற்கும் வாங்கத் தேவையில்லை. வெட்டி மிஞ்சின துண்டுகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் அதைப் பதித்துவிட்டு மிச்சத்தை நன்றாக மினுக்கின சீமெந்தாக விடலாம். அதில் தேசிப்புளி, பழப்புளி ஊற்றினால் உடனே துடைக்க வேண்டும், புளி சீமெந்தை அரிக்கும்.

ரைல்ஸ் நாலு சுவருக்கும் எதற்கு? அடுப்புக்கும் சிங்குக்கும் பின்னால் இரண்டு அடி உயரத்துக்குப் போதும். எட்டு அடி மேடை என்றால் 16 சதுர அடி, உடைகிறதுக்கும் வெட்டுகிறதுக்கும் சேர்த்து 18 வாங்குங்கள். பெட்டி முடிந்து மிஞ்சிக் கிடக்கிற ரைல்ஸை ஹாட்வெயார் கடைகளில் கேட்டால் விலை குறைத்துத் தருவார்கள், இரண்டு நிறம் கலந்தாலும் பரவாயில்லை.

மற்றச் சுவர்களுக்கு பெயின்ற் வாங்க முதல் சுவரைத் தட்டிப் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லில் சுண்ணாம்புச் சாந்து பூசின பழைய வீடு என்றால் பிளாஸ்ரிக் பெயின்ற் அடிக்கவே அடிக்காதீர்கள். அந்தச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், பெயின்ற் வழியை அடைத்தால் உள்ளே உப்புப் பூத்து அப்பளம் மாதிரிப் பொங்கிக் கழரும். அதற்கு சுண்ணாம்புதான் சரி, அது மலிவும்கூட. சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, ஓர் இரவாவது ஊறவிட்டு, துணியில் வடித்து, பால் பதத்தில் மெல்லிசாக இரண்டு மூன்று தரம் அடியுங்கள். அடிக்க முதல் சுவரைத் தண்ணீரால் நனைக்க வேண்டும், காய்ந்த சுவரில் அடித்தால் கையில் மாவாக ஒட்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் படாமல் கவனமாக இருங்கள், சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். கொஞ்சம் மஞ்சள் காவி கலந்தால் தாளிக்கிற கறை அவ்வளவு தெரியாது. புதுச் சீமெந்துச் சுவருக்கு இந்தக் கவலை இல்லை, பெயின்றே அடிக்கலாம்.

கரண்ட் வேலையில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். 2000 வாற் கேத்திலும் 1500 வாற் ஹொட்பிளேற்றும் ஒரே பிளக்கில் போட்டால் 15 அம்பியருக்கு மேல் இழுக்கும், பிளக் தாங்குவது 13. இரண்டு புதுப் பொயின்ற் இழுக்கிற செலவு பெரிதில்லை, கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்றும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இனி அலுமாரி. மேடைக்குக் கீழே இப்போதைக்கு துணித் திரை போதும், அடுப்புக்குக் கீழே மட்டும் வேண்டாம். காசு சேர்ந்த பிறகு அலுமினியக் கதவு போடலாம். அமத்தின மரத்தூள் பலகையில் செய்தது சிங்குக்குக் கீழே ஒரு மாரி தாங்காது. மேலே தட்டுக்கு, பழைய வீடு இடிக்கிற இடங்களில் பனஞ்சலாகை கேட்டுப் பாருங்கள், வைரம் பாய்ந்த பனை, இழைத்து எண்ணெய் பூசினால் கறுப்புக் கோடுகளோடு அவ்வளவு வடிவாக வரும். வெங்காயத்துக்கும் உள்ளிக்கும் ஓலைப் பெட்டி, கடகம். காற்றோட்டம் இருப்பதால் பிளாஸ்ரிக் கூடையை விட நல்லது. தூள், ஒடியல் மா, ஊறுகாய் எல்லாம் கண்ணாடிப் போத்தல்களில் வரிசையாக வைத்தால் அதுவே அலங்காரம், சுவரில் ஒட்டுகிற பழப் படங்கள் தேவையே இல்லை.

கூலி பேசும்போது சாமான்களை நீங்களே வாங்கி, வேலையை மட்டும் கொந்தராத்துக்குக் கொடுங்கள். சின்ன வேலைக்கு நாட்கூலி பேசினால் இழுபடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்பு காயாது. மார்கழியில் ஊரே பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும், மேசன்மாரைப் பிடிக்க முடியாது, பிடித்தாலும் கூலி கூட. மாசி பிறந்த பிறகு கேளுங்கள்.