எடை போடும் வாரத்தில் கிரியேட்டின் டப்பாவைத் திறக்காதீர்கள்

போன தை மாதம் மன்னார்குடிப் பக்கம் ஒரு கபடிப் போட்டி, 55 கிலோ பிரிவு. எங்கள் அணியில் பாடிப் போகிற பையன் 54-ஐத் தாண்டியதே கிடையாது. அன்று எடை மிஷினில் ஏறினால் 55.8. சட்டையைக் கழற்றினான், அரைஞாண் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டான், வெயிலில் பத்து ரவுண்டு ஓடினான், எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தால், தசை பலத்துக்கு ஜிம்காரர்கள் கலக்கிக் குடிக்கிற கிரியேட்டின் பொடியை ஆறு நாளாகப் போடுகிறானாம், தினமும் 20 கிராம்.

கிரியேட்டின் தசைக்குள் போகும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். முதல் வாரத்தில் தினமும் 20 கிராம் வீதம் போட்டுத் தசையைச் சீக்கிரம் நிரப்பும் 'லோடிங்' செய்தால் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோகூட ஏறும். அது கொழுப்பு இல்லை, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் எடை மிஷினுக்கு அதெல்லாம் தெரியாதே. உங்கள் எடை பிரிவின் விளிம்பில் நிற்கிறது என்றால் சீசன் முடியும்வரை இதைத் தொடாமல் இருங்கள், இல்லையென்றால் மேல் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

லோடிங் கட்டாயமும் இல்லை. தினமும் 3 முதல் 5 கிராம் போதும், மூன்று நான்கு வாரத்தில் தசை அதே அளவுக்கு நிரம்பிவிடும். இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். மேட்ச்சுக்கு அரை மணி நேரம் முன்னால் ஒரு ஸ்கூப்பைக் கலக்கிக் குடித்துவிட்டு "ஒண்ணும் தெரியலையே அண்ணே" என்று வந்து நிற்பார்கள். மேட்டூர் திறந்த அன்றே கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிடுமா? பயிற்சி இல்லாத நாளிலும் போட வேண்டும். காலையா மாலையா என்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை, டிகிரி காபி குடிக்கிறவர்கள் அதை விடவும் வேண்டாம்.

சரி, இது செய்கிற வேலைதான் என்ன? தசை திடீரென்று முழு பலத்தைக் காட்டும்போது ஏடிபி என்கிற எரிபொருள் சில நொடிகளில் தீர்ந்துவிடும். அதை உடனே திரும்ப உண்டாக்கித் தருவது தசையில் சேர்ந்திருக்கும் பாஸ்போகிரியேட்டின். ஏறக்குறைய பத்து நொடிக்கு அதன் ஆட்டம். பாடிப் போகிறவனுக்கு 30 நொடி இருந்தாலும், பின்னங்காலைப் பிடித்துவிட்ட பிறகு கோட்டைத் தொட எம்புகிற அந்த இரண்டு மூன்று நொடிதான் உயிர். அப்படி எம்பி, மூச்சு வாங்கி, மறுபடி எம்புகிற ஆட்டத்துக்கும் பளு தூக்குவதற்கும் குட்டை ஓட்டத்துக்கும் இது கைகொடுக்கும். அதுவும் ஓரளவுக்குத்தான், பயிற்சிக்கே வராதவனுக்கு எத்தனை டப்பா காலியானாலும் பலன் இல்லை.

தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கம் மாதிரி இடங்களில் விடியற்காலையில் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்களும் இதை வாங்குகிறார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க இது உதவப் போவதில்லை, அது முழுக்க மூச்சின் வேலை. கயிறு ஏறும்போதும் கூடிய ஒரு கிலோவை நீங்கள்தான் மேலே இழுக்க வேண்டும். காசு மிச்சம் பண்ணி நல்ல ஷூ வாங்குங்கள்.

அளவில் இன்னொரு கோளாறு. 20 கிராமையும் ஒரே சொம்பில் கலக்கிக் குடித்தால் வயிறு கலக்கும், மைதானத்துக்குப் பதில் கொல்லைக்கு ஓட வேண்டியிருக்கும். லோடிங் செய்தே தீருவேன் என்கிறவர்கள் நான்காகப் பிரித்து ஐந்து ஐந்து கிராமாகக் குடிக்கலாம். குவித்து அள்ளுகிற ஸ்கூப்பை நம்பாதீர்கள், சின்னத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டால் பிறகு கண் அளவு பழகிவிடும். கலக்கியதை அப்போதே குடித்துவிடுங்கள், பாட்டிலில் நாள் கணக்கில் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக கிரியேட்டினின் என்ற கழிவாக மாறிவிடும்.

கிரியேட்டினின் என்றதும் எனக்கு ஒரு சண்டை ஞாபகம் வருகிறது. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தில் அளப்பது இதைத்தான். சும்மா செய்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு அது 1.4 என்று வந்தது, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. "கிட்னி போச்சுடா" என்று அம்மா டப்பாவைத் தூக்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். கிரியேட்டின் உடலில் சிதைந்தால் வருவதே கிரியேட்டினின்தான், அதனால் இதை எடுப்பவர்களுக்கும் தசை அதிகம் உள்ளவர்களுக்கும் அந்த எண் கொஞ்சம் கூடித் தெரியலாம். பரிசோதனைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்று வேறொரு பரிசோதனை இருக்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு இந்த அளவில் சிறுநீரகம் கெடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள், பதினெட்டு வயது ஆகாதவர்கள், என் பேச்சைக் கேட்டு ஆரம்பிக்கக் கூடாது, முதலில் டாக்டர்.

முடி கொட்டும் என்று ஒரு பேச்சு உண்டு. 2009-ல் ரக்பி வீரர்களை வைத்துச் செய்த ஒரு சின்ன ஆய்வில், முடி உதிர்வோடு தொடர்புள்ள டிஎச்டி என்ற ஹார்மோன் கூடியது, அவ்வளவுதான். முடியை அதில் யாரும் அளக்கவே இல்லை.

ஸ்டீராய்டு என்று நினைத்து வீட்டில் திட்டுவதும் வேண்டாம். 1832-ல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. ஒரு கிலோ பச்சைக் கறியில் நான்கைந்து கிராம் இருக்கும், நம் உடலும் தினமும் ஏறக்குறைய ஒரு கிராம் தானே செய்துகொள்கிறது. சைவக்காரர்களின் தசையில் இருப்பு குறைவு என்பதால் அவர்களுக்குப் பலன் சற்றுக் கூடுதலாகவே தெரியலாம்.

வாங்கும்போது கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற சாதாரண வகையே போதும். மற்ற வகைகளுக்கு விலைதான் கூடுதல், அதைவிடச் சிறப்பாக வேலை செய்வதாக ஆதாரம் இல்லை. ஜிம்மில் கவரில் அள்ளிக் கட்டித் தருவதைத் தொடாதீர்கள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான 'வாடா'வின் (WADA) தடைப் பட்டியலில் கிரியேட்டின் கிடையாது, ஆனால் கலப்படப் பொடியில் வேறு ஏதாவது இருந்து சோதனையில் சிக்கினால் மாட்டுவது வீரன்தான், விற்றவன் இல்லை.

எங்கள் பையன் அன்று வெளியே உட்கார்ந்துதான் ஆட்டம் பார்த்தான். நிறுத்தினாலும் தசையில் சேர்ந்தது பழைய நிலைக்கு இறங்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், அதற்குள் அடுத்த இரண்டு போட்டிகளும் போய்விட்டன. சித்திரையில் 60 கிலோ அணிக்கு மாறிவிட்டான். அங்கே இருப்பதிலேயே ஒல்லி அவன்தான்.