கனாசவா: ஒரே நாளில் தோட்டமும் கோட்டையும்

ஜப்பானின் கனாசவா நகருக்கு டோக்கியோவிலிருந்து ககயாக்கி என்னும் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். அதில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான்; சீட்டு எடுக்காமல் ஏறாதீர்கள். திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம். 21ஆம் நூற்றாண்டு தற்காலக் கலை அருங்காட்சியகமும், ஜென் பௌத்த அறிஞர் டி.டி. சுசுகியின் நினைவு அருங்காட்சியகமும் பெரும்பாலும் மூடியிருக்கும்.

கென்ரோகுயென் தோட்டத்துக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். அப்போது நுழைவு இலவசம். கட்டண நேரம் தொடங்குமுன் மட்டும் வெளியே வந்துவிட வேண்டும். குளக்கரையில் கொதோஜி கல்விளக்கு: நெட்டைக் கால் தண்ணீரில், குட்டைக் கால் கரைக்கல் மேல். நவம்பர் 1 முதல், பனிப்பாரத்தில் கிளை முறியாதிருக்க, மரத்தைச் சுற்றிக் கூம்பாகக் கயிறு கட்டுவார்கள். தோட்டம் மிக அழகாக இருப்பது அப்போதுதான்.

பாலம் தாண்டினால் கோட்டையின் இஷிகாவா வாசல். உச்சிக் கோபுரத்தைத் தேடாதீர்கள். 1602இல் இடி விழுந்து எரிந்துபோனது. வெளிறிய ஈய ஓடுகளையும் கற்சுவர்களையும் நின்று பாருங்கள்.