சைக்கிள் சக்கரத்தில் கோட்டம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சக்கரம் சுற்றும்போது ரிம் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பிரேக் கட்டையில் உரசினால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். போக்ஸ் கம்பியின் முனையை ரிம்மில் பிடித்து நிறுத்தும் சிறு நட்டான நிப்பிளுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு சாவியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் சக்கரத்தைக் கெடுக்கிறார்கள். வளைந்து தெரியும் இடத்தை மட்டும் பார்த்து, அங்கே இருக்கும் போக்ஸ் கம்பியை இறுக்கிக்கொண்டே போகிறார்கள். ரிம்மை நேராக நிறுத்தி வைப்பது எல்லாக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு. அந்த இழுப்பைச் சமப்படுத்துவதுதான் வேலை என்று புரிந்துவிட்டால் பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும்.

சாவியைக் கையில் எடுக்கும் முன்னால் சக்கரத்தைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். சக்கரத்தின் நடுக் குடமான ஹப்பில் ஆட்டம் இருந்தால், முதலில் அச்சில் பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் கோனைச் சரிசெய்ய வேண்டும். அச்சு ஆடும்போது கோட்டம் எடுத்தால், சற்று முன் நேராகத் தெரிந்த ரிம் மறுபடி கோணலாகத் தெரியும். டயரைப் பார்த்து முடிவு செய்வதும் தவறு. டயர் ரிம்மில் சரியாக உட்காராவிட்டாலும் சக்கரம் நெளிவதுபோலவே தோன்றும், அதனால் ரிம்மின் ஓரத்தை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு கம்பியையும் தொட்டுப் பார்த்து, அறுந்தது இருந்தால் மாற்றிவிடுங்கள். வலப்பக்கக் கம்பி ஒன்று அறுந்தால் ரிம் இடப்பக்கம் ஒதுங்கும். அதை மாற்றாமல் பக்கத்துக் கம்பிகளை இறுக்கிச் சமாளித்தால், அடுத்து அறுவது அவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அடுத்தது திசைக் குழப்பம். பழகியவர்களுக்கே சில சமயம் வருவது இது. நிப்பிளை டயர் பக்கத்திலிருந்து ஹப்பை நோக்கிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பார்வையில் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால் இறுகும், எதிர்த்திசையில் தளரும். சக்கரத்தின் அடிப்பகுதியில் வேலை செய்துகொண்டு மேலிருந்து குனிந்து பார்த்தால் இது தலைகீழாகத் தெரியும். அதனால் எப்போதும் சக்கரத்தின் ஒரே இடத்தில் வைத்து நிப்பிளைத் திருப்பப் பழகுங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்திருந்தால், மேலே வரும் நிப்பிளை மட்டும் திருப்புவது நல்ல பழக்கம்.

எவ்வளவு திருப்புவது? கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று. சாதாரண 2 மில்லிமீட்டர் கம்பியின் மரையில் ஓர் அங்குலத்துக்கு 56 புரிகள். அதாவது ஒரு முழுச் சுற்றுக்குக் கம்பி 0.45 மில்லிமீட்டர் நிப்பிளுக்குள் ஏறும். கேட்கச் சிறியதாக இருந்தாலும், ஏற்கெனவே இறுகி நிற்கும் கம்பியில் அது பெரிய மாற்றம். கால் சுற்றுத் திருப்பி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள்.

இறுக்குவது மட்டுமே வேலை என்று நினைப்பதுதான் மிகப் பெரிய சேதத்தைச் செய்கிறது. ரிம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால், அந்த இடத்தில் வலப்பக்க ஹப்பிலிருந்து வரும் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, அதன் இரு பக்கத்திலும் உள்ள இடப்பக்கக் கம்பிகளை ஆளுக்கு அரைக்கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். இறுக்கியதும் தளர்த்தியதும் சமமாக இருப்பதால் ரிம்மின் வட்டம் கெடாது. இறுக்கிக்கொண்டே போனால் அந்த இடம் ஹப்பை நோக்கி உள்ளே இழுபட்டு, சக்கரம் சுற்றும்போது குதிக்க ஆரம்பிக்கும். அளவுக்கு மீறி இறுகினால் நிப்பிள் துளையைச் சுற்றி ரிம்மில் கீறல் விழும்.

இதற்குக் காது நல்ல துணை. வீணையின் தந்தியைப்போலக் கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் கிட்டத்தட்ட ஒரே ஒலி எழுப்ப வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது, கிண்ணென்று ஒலிப்பது இறுகியது. ரிம் வலப்பக்கம் போயிருக்கும் இடத்தில் வலக் கம்பி கிண்ணென்று ஒலித்தால் அதைத் தளர்த்துங்கள், இடக் கம்பியை இறுக்க வேண்டியதில்லை. அங்கே வலக் கம்பி ஏற்கெனவே தளர்ந்திருந்தும் ரிம் வலப்பக்கமே நிற்கிறது என்றால் ரிம்மே மடிந்திருக்கிறது, அதைக் கம்பியால் நிமிர்த்த முடியாது.

கியர் சைக்கிளின் பின் சக்கரத்தில் இடம் வலம் இரண்டும் ஒரே ஒலி தர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல்சக்கரங்களுக்கு இடம் விட்டு வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்பதால் அவை இடப்பக்கத்தைவிட இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். இரண்டையும் சமமாக்கினால் ரிம் நடுவை விட்டு நகர்ந்துவிடும். நடு என்பது அச்சின் இரு பக்க லாக் நட்டுகளுக்கு நடு. முன் சக்கரத்தில் இதைச் சோதிப்பது சுலபம். சக்கரத்தை இரு பக்கமும் பிடிக்கும் கவையான போர்க்கில் ஒரு பக்கம் இடைவெளி குறைவாக இருந்தால் சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டுங்கள். குறைந்த இடைவெளி மறுபக்கம் போனால் சக்கரம் நடுவில் இல்லை. அதே பக்கத்தில் நின்றால் கோளாறு போர்க்கிலோ பிரேக்கிலோ, சாவியைக் கீழே வைத்துவிடுங்கள்.

பழைய ராட் பிரேக் சைக்கிள்களில் கட்டை ரிம்மின் உள்வட்டத்தில் அழுந்தும். பக்கவாட்டுக் கோட்டத்தைவிட மேடு பள்ளம் அங்கே அதிகம் தொந்தரவு தரும். மேடான இடத்தில் இடமும் வலமும் சம அளவு இறுக்க வேண்டும், பள்ளத்தில் சம அளவு தளர்த்த வேண்டும்.

துருப்பிடித்த நிப்பிளை வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். பல அளவுகள் வெட்டிய வட்டச் சாவியில் சற்றுப் பெரிய வெட்டைப் போட்டால் நிப்பிளின் மூலைகள் மழுங்கிவிடும், அதன் பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது.

நிப்பிள் திரும்பும்போது கம்பியும் கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். வண்டி ஓடும்போது அந்த முறுக்கு விடுபட்டு, எடுத்த கோட்டம் திரும்பி வரும். அதனால் தேவைக்குச் சற்று அதிகமாகத் திருப்பி, அந்த அளவு பின்னால் விடுங்கள். முடித்ததும் ஒரே பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிடித்து விட்டு, மறுபடி சுற்றிப் பாருங்கள். கட்டைப் பிரேக்குக்கு 1 மில்லிமீட்டருக்குள் ஆட்டம் நின்றால் போதும், அங்கே நிறுத்திவிடலாம். நிறைய இறுக்கியிருந்தால் டயரைக் கழற்றி, கம்பி முனை நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் அரத்தால் ராவி, ரிம் டேப்பைச் சரியாகப் போட்ட பிறகே டியூபை ஏற்றுங்கள்.