பனிக்காலத்தில் ட்ரெய்லர் வீட்டில் குடியிருக்க: மட்டம் வைப்பதும் சூடேற்றுவதும்

கனடாவுக்கு வேலைக்குப் போகும் எங்கள் பகுதிப் பிள்ளைகளில் சிலர், வாடகை கட்டுப்படியாகாத இடங்களில், வாகனத்தின் பின்னால் கொளுவி இழுக்கும் ட்ரெய்லர் வீடொன்றில் பனிக்காலத்தைக் கழிக்கலாமா என்று கேட்கிறார்கள். கழிக்கலாம். ஆனால் மார்கழிக் குளிருக்கு ஒரு போர்வையோடு சமாளித்துப் பழகிய யாழ்ப்பாணத்தவருக்கு, பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் எது முதலில் பழுதாகும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. உடம்பு குளிர்வதை ஒரு ஜக்கெற் தாங்கும். குழாயில் தண்ணீர் உறைவதும், சுவரிலும் மெத்தையிலும் ஈரம் ஊறுவதுமே ஆளை ட்ரெய்லரை விட்டு வெளியேற்றுகின்றன. எனவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வேலையையும் தண்ணீரை மனதில் வைத்தே செய்ய வேண்டும்.

இடம் பார்த்தல்

ட்ரெய்லர் நிறுத்தும் முகாம் நிலங்கள் பல, இலையுதிர் காலத்திலேயே தண்ணீரை நிறுத்திப் பூட்டிவிடும். தனியார் காணியில் நிறுத்துவதற்கும் பல நகரசபைகள் தடை விதித்துள்ளன. ஆகையால் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் இடமா, குடியிருக்க அனுமதி உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் உறுதிப்படுத்திய பின்னரே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள். பள்ளமான இடத்தைத் தவிர்த்து, காற்றுக்கு மறைவான, சரளைக்கல் பரவிய நிலத்தைத் தெரிவு செய்யுங்கள்.

மட்டம் வைத்தல்

மட்டம் என்பது படுக்கையின் சௌகரியத்துக்காக மட்டும் பார்க்கப்படுவதன்று. பல ட்ரெய்லர்களில் உள்ள குளிர்சாதனப்பெட்டி, எங்கள் வீடுகளில் உள்ளதைப் போலக் கொம்பிரசரால் இயங்குவதில்லை. எரிவாயுவினாலோ மின்சாரத்தினாலோ சூடாக்கப்படும் அமோனியாக் கரைசல், புவியீர்ப்பின் உதவியோடு குழாய்களுக்குள் சுற்றிவருவதாலேயே அது குளிர்கிறது. ட்ரெய்லர் பக்கவாட்டில் ஏறத்தாழ 3 பாகைக்கு மேல் சரிந்து நின்றால் கரைசல் ஓரிடத்தில் தேங்கும். அந்த நிலையில் தொடர்ந்து இயக்கினால், பிறகு சரிசெய்ய முடியாத அளவுக்குக் குளிரூட்டும் பகுதி கெட்டுவிடும். கழிவுநீர்த் தாங்கிகளின் அளவுகாட்டியும் சரிந்து நிற்கும் ட்ரெய்லரில் பொய் சொல்லும்.

வேலையின் ஒழுங்கு மாறக் கூடாது. இழுத்து வந்த வாகனம் கொளுவப்பட்டிருக்கும்போதே பக்கவாட்டு மட்டத்தைப் பார்க்க வேண்டும். மேசன்மார் வைத்திருக்கும் 1.2 மீற்றர் நீள ரசமட்டம் இதற்குப் போதுமானது. அதை ட்ரெய்லரின் உள்தரையில் அச்சுக்குச் சமாந்தரமாக, அதாவது இடமிருந்து வலமாக வைத்து, தாழ்ந்த முனையின் கீழ் மெல்லிய பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகி, குமிழி நடுவில் வரும்வரை உயர்த்துங்கள். அந்த முனை 3 சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தால், ஒரு மீற்றருக்கு 2.5 சென்ரிமீற்றர் சரிவு என்று பொருள். இரு பக்கச் சில்லுகளுக்கும் இடையே 2 மீற்றர் இருக்குமானால், தாழ்ந்த பக்கச் சில்லின் கீழ் 5 சென்ரிமீற்றர் தடிப்புள்ள பலகை வேண்டும். இப்படி அளந்துகொண்டால், பலகையை வைத்து ஏற்றுவதும் போதாதென்று இறக்குவதுமாக மினக்கெட வேண்டியதில்லை. ரயரின் அடிப்பகுதி முழுவதும் பலகையில் பதிய வேண்டும். விளிம்பில் பாதி தொங்கினால் ரயரின் உள்நார்கள் சேதப்படும். இரட்டை அச்சுள்ள ட்ரெய்லரில் அந்தப் பக்கத்து இரு சில்லுகளையும் ஒரே அளவுக்கு உயர்த்துங்கள்.

அடுத்தது அடை வைத்தல். லான்ட்மாஸ்ரர் (இரு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியைக் கழற்றி வைத்துப் பழகியவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்கத் தேவையில்லை: அடை வைக்காமல் கொளுவியைக் கழற்றினால் பெட்டி தன் பாட்டில் உருண்டுவிடும். இரு பக்கச் சில்லுகளுக்கும், முன்னும் பின்னும், றப்பர் அடைகளை இறுக்கி வைத்த பின்னரே வாகனத்தைக் கழற்றுங்கள். பிறகு ரசமட்டத்தை நீளவாக்கில் திருப்பி வைத்து, முன்பக்க ஜாக்கைச் சுழற்றி முன்பின் மட்டத்தைச் சரிசெய்யுங்கள்.

நான்கு மூலைகளிலும் உள்ள தாங்குகால்கள் இறுதியில்தான் இறங்க வேண்டும். அவை ஆட்டத்தை நிறுத்துவதற்கானவை. பாரத்தைத் தூக்குவதற்கானவை அல்ல. அவற்றால் ட்ரெய்லரை உயர்த்த முயன்றால் சட்டம் முறுகி, கதவு மூட மறுக்கும். ஒவ்வொரு காலின் கீழும் அகலமான தடித்த பலகை ஒன்றை வையுங்கள். இல்லாவிடில் ஈரநிலம் உறையும்போது கால் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

அடிச்சுற்றை அடைத்தல்

பணம் குறைவாக இருந்தால், இரண்டாவது ஹீற்றரை வாங்காமல் இந்த வேலைக்குச் செலவழியுங்கள் என்பதே என் அபிப்பிராயம். ட்ரெய்லரின் அடியால் ஓடும் காற்று, தரையையும் தாங்கிகளையும் குழாய்களையும் ஒருங்கே குளிரச் செய்கிறது. 5 சென்ரிமீற்றர் தடிப்புள்ள நுரைப் பலகைகளை வெட்டி, நிலத்திலிருந்து உடற்பகுதிவரை சுற்றிவர நிறுத்தி, பொருத்துகளை ஒட்டுநாடாவால் மூடுங்கள். வைக்கோற் கட்டுகளை அடுக்குவோரும் உண்டு. எலியும் தீயும் வேண்டாமென்றால் அதைத் தவிருங்கள். புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரமானது என்பதால், கசிந்தால் கீழே இறங்கி அடைப்புக்குள் தேங்கும். எனவே சிலிண்டர்களை அடைப்புக்கு வெளியே வைத்து, அடைப்பின் அடியிலும் சிறிய காற்றுவழிகளை விட வேண்டும். எரிவாயுவை எரித்து வெப்பக் காற்றை ஊதும் ஃபர்னஸின் புகைவாயையும் குளிர்சாதனப்பெட்டியின் வெளித் துவாரத்தையும் எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது.

சூடேற்றுதல்

எங்கள் ஊர்ச் சமையல் சிலிண்டரில் பெரும்பகுதி பியூற்றேன் ஆகும். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் எரிவாயு விபத்துகள் தொடர்ந்தபோது பேசுபொருளானது இந்தக் கலவை விகிதம்தான். பியூற்றேன் ஏறத்தாழ பூச்சியப் பாகையிலேயே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேனோ பூச்சியத்துக்குக் கீழே 42 பாகைவரை ஆவியாகும். ஆகவே அங்கு ட்ரெய்லருக்குப் புரொப்பேன் மட்டுமே உதவும்.

செலவைப் பற்றியும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். ஏசி வாங்கியவர்களுக்குப் பழக்கமான, வெப்பத்தை அளக்கும் பி.டி.யு. கணக்கில், ட்ரெய்லர் ஃபர்னஸ் ஒன்று மணிக்கு ஏறத்தாழ 30,000 பி.டி.யு. எரிக்கக்கூடியது. 13.6 கிலோ சிலிண்டர் ஒன்று அதற்கு 21 மணித்தியாலங்கள்தான் ஈடுகொடுக்கும். கடுங்குளிரில் பாதி நேரம் எரிந்தாலும் இரண்டு நாளைக்குள் தீர்ந்துவிடும். ஆகையால் ஒன்று தீர்ந்ததும் மற்றதற்குத் தானாக மாறும் றெகுலேற்றரோடு இரண்டு சிலிண்டர்கள் வேண்டும். ஃபர்னஸின் விசிறி 12 வோல்ற்று மின்னில் சுழல்வதால் பற்றரியும் நல்ல நிலையில் இருக்க வேண்டும்; கரண்ட் போன இரவில் எரிவாயு நிறைந்திருந்தும் விசிறி நின்றால் சூடு வராது.

இந்தச் செலவுக்கு அஞ்சி மின்சார ஹீற்றரை மட்டும் நம்புவது பலர் செய்கின்ற காரியம். அதில் இரு சிக்கல்கள் உள்ளன. இங்கு 230 வோல்ற்று, அங்கு 120. எனவே 1,500 வற் ஹீற்றர் அங்கே 12.5 ஆம்பியர் இழுக்கும். 30 ஆம்பியர் இணைப்புள்ள ட்ரெய்லரில் மொத்தம் 3,600 வற்தான் கிடைக்கும் என்பதால், இரண்டு ஹீற்றர்களோடு மைக்றோவேவும் சேர்ந்தால் பிறேக்கர் விழும். மெல்லிய நீட்டிப்பு வயரில் கொளுவினாலோ வயரே சூடேறி உருகும். மற்றச் சிக்கல் உடனே தெரிவதில்லை: குளிருக்கென அமைக்கப்பட்ட பல ட்ரெய்லர்களில் ஃபர்னஸின் வெப்பக் காற்றின் ஒரு பங்கு தரைக்கடியில் உள்ள தாங்கிகளுக்குச் செல்கிறது. மின்ஹீற்றர் அறையைச் சூடாக வைத்திருந்தால் தெர்மோஸ்டற் ஃபர்னஸை இயக்காது. நீங்கள் சுகமாக உறங்க, கீழே தாங்கி உறையும். மின்ஹீற்றரைத் துணையாக வைத்து, ஃபர்னஸ் இரவில் இடைக்கிடை எரியும்படி அளவைச் சரிசெய்யுங்கள்.

சமையல் அடுப்பைக் கொளுத்தி அறையைச் சூடாக்காதீர்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகிறது; புகைபோக்கி இல்லாத அடுப்பில் அது முழுவதும் உங்கள் சுவரில்தான் படியும். அதைவிடக் கொடியது கார்பன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயு. அதற்கு மணமில்லை. அதற்கான அலாரத்தையும், தரைக்கு அண்மையில் பொருத்தப்படும் எரிவாயுக் கசிவு அலாரத்தையும், காலாவதித் திகதி பார்த்து வாங்குங்கள்.

நீரும் ஈரமும்

குடிநீர்க் குழாய்க்கு மின்னால் சூடாகும் ஹோஸ் கிடைக்கிறது. இல்லையெனில் உள்தாங்கியை நிரப்பிவிட்டு ஹோஸைக் கழற்றி வடித்து வையுங்கள். கழிவுநீர் வால்வை எந்நேரமும் திறந்தபடி வைத்திருக்காதீர்கள்; சொட்டுச் சொட்டாக வடியும் நீர் படிப்படியாக உறைந்து குழாயை அடைத்துவிடும். தாங்கி நிறைந்ததும் ஒரேயடியாகத் திறந்துவிடுவதே முறை.

சோறு வடிப்பதும் குளிப்பதும் மூச்சுவிடுவதும் ஈரத்தை உண்டாக்குவதால், கூரைத் துவாரத்தை ஒரு விரல் அளவுக்காவது திறந்து வையுங்கள். சூடு வீணாகிறதே என்று மனம் கேட்காது. ஆயினும் மூடிவைத்தால் மெத்தையின் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். மெத்தையின் கீழே சலாகைகளைப் பரப்பிக் காற்றோட்டம் ஏற்படுத்துங்கள். ஜன்னல்களுக்கு உட்புறமாகப் பிளாஸ்ரிக் தாள் ஒட்டினால் கண்ணாடியில் நீர் கோப்பது குறையும்.

பனி கொட்டிய ஒவ்வொரு முறையும், முதல் வேலையாக ஃபர்னஸின் புகைவாயைச் சுற்றிய பனியை அகற்றுங்கள். நிலம் உறையும்போது மேலெழும்பி, இளகும்போது அமிழ்வதால் மட்டமும் மாறும். கடுங்குளிர் தொடங்கிய பின்னும் பனி உருகத் தொடங்கும்போதும் ரசமட்டத்தை மீண்டும் வைத்துப் பார்த்து, மாற்றம் இருந்தால் தாங்குகால்களை முதலில் தளர்த்தி, மட்டத்தைச் சரிசெய்து, அதன் பின்னரே அவற்றை மறுபடி இறுக்குங்கள்.