கிற்றார்ப் பெடல்களுக்கு மின்சாரம்: 9 வோல்ற் என்று மட்டும் பார்த்துப் பூட்டாதீர்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் நாங்கள் பயிற்சி செய்யும் அறைக்கு ஒரு தம்பி புதிய ரிவேர்ப் பெடலுடன் வந்தான். பெடல் என்பது கிற்றாருக்கும் அம்ப்ளிஃபயருக்கும் இடையே வைத்து, காலால் மிதித்து ஓசையை மாற்றும் சிறு பெட்டி. ரிவேர்ப், பெரிய மண்டபத்தில் ஒலிப்பதுபோன்ற எதிரொலியைத் தருவது. கனடாவில் இருக்கும் மாமா வாங்கி அனுப்பியது. பெட்டியைப் பிரித்து, பெடல்களை அடுக்கும் போர்டின் மின்வழங்கியில் காலியாக இருந்த ஒரு துளையில் பூட்டினான். விளக்கு எரிந்தது. தந்தியை மீட்டியதும் அருமையான ஓசை எழுந்தது. மூன்றாவது மீட்டலில் விளக்கு சிமிட்டியது, ஓசை அறுந்தது, பெடல் தானாக அணைந்து மறுபடி தொடங்கியது. "அண்ணா, மாமாவை ஏமாற்றிவிட்டார்களோ?" என்று கேட்டான். முகம் வாடிப்போயிருந்தது.

பெடலைத் திருப்பிப் பார்த்தோம். அடித்தட்டில் 9 வோல்ற், 300 மில்லி அம்பியர் என்று இருந்தது. அவன் பூட்டிய துளையின் அருகே, நகக்கண் அளவு எழுத்தில் 9 வோல்ற், 100 மில்லி அம்பியர். பக்கத்திலேயே 500 என்று எழுதிய துளை இருந்தது. அதில் ஓசையைக் கரகரப்பாக்கும் ஒரு டிஸ்டோர்ஷன் பெடல் நிம்மதியாக இருந்தது. இரண்டையும் இடம் மாற்றினோம். அதன் பிறகு ஒரு மணி நேரம் வாசித்தும் ரிவேர்ப் ஒருமுறைகூட அணையவில்லை.

இந்தத் தவறைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வோல்ற் என்பது மின்வழங்கி தள்ளுவது, அம்பியர் என்பது பெடல் இழுப்பது. வோல்ற் பொருந்தியே ஆக வேண்டும். 9 வோல்ற்றுக்கு மட்டும் செய்த பெடலில் 18 வோல்ற்றைப் பூட்டினால் அது எரிந்துபோகலாம். மில்லி அம்பியர் அப்படியல்ல. 500 தரக்கூடிய துளையில் 4 மட்டுமே கேட்கும் பெடலைப் பூட்டினால் அது 4ஐத்தான் எடுத்துக்கொள்ளும், மிச்சம் அதன்மேல் பாயாது. நம் பிள்ளைகள் பலர் "500 கூடிப்போச்சு, பெடல் எரிந்துவிடும்" என்று பயந்து குறைந்த துளையைத் தேடுகிறார்கள். அந்தப் பயம் வோல்ற்றின்மீது இருக்க வேண்டியது.

அடுத்த தவறு, மின்வழங்கியின் பெட்டி மேல் பெரிதாக அச்சிட்ட மொத்தக் கணக்கை நம்புவது. எட்டுத் துளைகள், மொத்தம் 1600 மில்லி அம்பியர் என்று இருந்தால், ஒவ்வொரு துளையும் 1600 தரும் என்று அர்த்தமில்லை. ஆறு துளைகள் தலா 100, இரண்டு துளைகள் தலா 500 என்று பிரிந்திருக்கலாம். உன்னிச்சைக் குளம் நிரம்பி வழிந்தாலும் உங்கள் வயலுக்கு வருவது உங்கள் வாய்க்காலின் மதகு விடுகிற தண்ணீர்தான். எந்தப் பெடலை எந்தத் துளையில் வைப்பது என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் போர்டை அடுக்குங்கள்.

எழுதும்போது வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று புரியும். பொஸ் டிஎஸ்-1 டிஸ்டோர்ஷன் கேட்பது 4 மில்லி அம்பியர். ஓசையைச் சற்றுப் பிந்தித் திருப்பித் தரும், அதே நிறுவனத்தின் டிடி-7 டிலே 55. வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் டிசி எலெக்ட்ரோனிக் டிட்டோ லூப்பர் 100. ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை ரிவேர்ப் 300. பல பெடல்களின் வேலையைத் தனியே செய்யும் லைன் 6 எச்எக்ஸ் ஸ்டொம்ப்புடன் வரும் அடப்டரோ 9 வோல்ற்றில் 3000 மில்லி அம்பியர் தருவது. எல்லாம் 9 வோல்ற், பிளக்குகளும் பார்வைக்கு ஒரே மாதிரி. பழைய அனலொக் பெடல்கள் கொஞ்சமாகக் குடிப்பவை, உள்ளே கணினிச் சில்லு உள்ள டிஜிற்றல் பெடல்கள் நிறையக் குடிப்பவை என்று நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கணக்கு எல்லையில் முட்டி நிற்கவும் விடாதீர்கள். சில பெடல்கள் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிட அதிகம் இழுக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ், மூடிய போர்டுக்குள், முழு எல்லையில் ஓடும் மின்வழங்கியைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். நான் நான்கில் ஒரு பங்காவது மிச்சம் விடுகிறேன்.

இருக்கிற துளைகள் எதுவும் போதாவிட்டால், இரண்டு 100 துளைகளை ஒரு இணைப்புக் கம்பியால் சேர்த்து 200 பெறலாம். ஆனால் அவை ஒன்றிலிருந்து ஒன்று தனித்துப் பிரிக்கப்பட்ட துளைகளாகவும் ஒரே வோல்ற்றாகவும் இருக்க வேண்டும், மின்வழங்கியின் கையேடும் அதை அனுமதிக்க வேண்டும்.

மல்டிமீற்றர் வைத்திருப்பவர்கள் செய்யும் ஒரு தவறையும் சொல்லவேண்டும். எதையும் பூட்டாமல் துளையை அளந்து, 9 காட்டுகிறது, சரி என்று விட்டுவிடுகிறார்கள். சுமை ஏறாத வண்டி எந்த மேட்டிலும் ஏறும். பெடல் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்து பாருங்கள். ஒரே அடப்டரிலிருந்து பல பெடல்களுக்குப் பிரியும் சங்கிலிக் கம்பியில் ஒரு பிளக் சும்மா தொங்கினால் அங்கே மீற்றர் முனைகளை வைக்கலாம். 9 என்பது 7க்கு இறங்கினால் நோய் அங்கேதான். இறக்கத்துக்குப் பிளக்கும் காரணமாகலாம். எங்கள் கடற்கரைக் காற்றில் உப்பு அதிகம். பிளக்கின் உள்முனையில் பச்சை படிந்தால் தொடர்பு கெட்டு வோல்ற் குறையும். ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும்.

ஒரே அடப்டரிலிருந்து சங்கிலியாக எல்லாப் பெடல்களுக்கும் கொடுப்பது குற்றமல்ல. மூன்று நான்கு அனலொக் பெடல்களுக்கு அது தாராளமாகப் போதும். அதே சங்கிலியில் டிஜிற்றல் டிலேயையும் சேர்க்கும்போதுதான் இரைச்சல் குடியேறுகிறது. நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் போய், துடுப்பை நீரில் ஊன்றி, அதன் மறுமுனையில் காது வைத்துப் பாடும் மீனைக் கேட்கும் ஊர் இது. அந்தக் காதை இங்கேயும் வையுங்கள். தாழ்ந்த உறுமல் கேட்டால் மின்விநியோகத்திலோ தரை இணைப்பு வளையத்திலோ (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் தரையோடு இணைவது) கோளாறைத் தேடுங்கள். நுளம்பு ரீங்கரிப்பதுபோல மெல்லிய கீச்சொலி கேட்டால், பெரும்பாலும் ஒரு டிஜிற்றல் பெடலின் இரைச்சல் பொதுவான தரைக்கம்பி வழியாக மற்றவற்றுக்குள் புகுகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது சத்தம் நிற்கிறதோ அதற்கு மட்டும் தனியான துளை கொடுங்கள்.

பிளக்கின் முனையையும் பாருங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு நடுமுனை எதிர், வெளிவளையம் நேர். வீட்டில் கிடக்கும் மற்ற அடப்டர்கள் பல இதற்கு நேர்மாறானவை, பிளக் மட்டும் அப்படியே பொருந்தும். பிஎன்பி ஜேர்மேனியம் ட்ரான்சிஸ்ரர் கொண்ட பழைய வகை ஃபஸ் பெடல்களில் (முரட்டுக் கரகர ஓசை தருபவை) நேர்முனையே தரையாக இருக்கும். அவற்றைச் சங்கிலியில் சேர்த்தால் குறுஞ்சுற்று ஏற்படும். அவற்றுக்கு ஒரு பற்றரியே போதும், மாதக்கணக்கில் வரும். வாசித்து முடிந்ததும் உள்ளீட்டுக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான பெடல்களில் அந்தத் துளைதான் பற்றரியின் ஆளி. கேபிளை அப்படியே விட்டால் பெடல் அணைந்திருந்தாலும் பற்றரி கரையும்.

உறவினர்கள் கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ அனுப்பும் அடப்டர்களில் தனி எச்சரிக்கை வேண்டும். அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அடப்டரில் 100–240 என்று இருந்தால் பிளக் வடிவத்தை மாற்றினால் போதும். 120 மட்டும் என்றால் நம் சுவரில் பூட்டாதீர்கள். சில மின்வழங்கிகளின் அடியில் 115/230 என்று ஒரு சிறு ஆளி இருக்கும், மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே அதைத் திருப்ப வேண்டும். 9 வோல்ற் என்று எழுதியிருக்கும் இடத்தில் அலைக்குறி இருந்தால் அது ஆடலோட்டம் (ஏசி), நேரோட்டம் (டிசி) கேட்கும் பெடலுக்கு ஆகாது.

2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த நாட்களில் பலர் பவர் பேங்கில் பெடல் ஓட்டப் பழகினார்கள். நல்ல வழிதான், கணக்குத் தெரிந்திருந்தால். 5 வோல்ற்றில் 2 அம்பியர் என்பது 10 வாற்று. அதை 9 வோல்ற்றாக உயர்த்தும்போது கம்பியில் கொஞ்சம் இழந்து, கையில் கிடைப்பது 1 அம்பியருக்கும் குறைவு. மாறாக, 4 மில்லி அம்பியர் இழுக்கும் ஒரே ஒரு பெடலைப் பூட்டினால், யாரும் பயன்படுத்தவில்லை என்று எண்ணிப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

கடைசியாக, உயிரோடு விளையாடும் தவறு. உறுமலை நிறுத்துவதற்காக மூன்று ஊசிப் பிளக்கின் புவித்தொடுப்பு ஊசியை வெட்டிவிடுவது. கிற்றார் தந்திகள் அம்ப்ளிஃபயரின் தரையோடு இணைந்தவை, மைக்கின் உடல் ஒலிபெருக்கித் தொகுதியின் தரையோடு இணைந்தது. இரண்டில் ஒன்றுக்குப் புவித்தொடுப்பு இல்லாமல் அதில் மின்கசிவும் இருந்தால், விரல் தந்தியிலும் உதடு மைக்கிலும் படும் கணத்தில் சுற்றைப் பூர்த்தி செய்வது பாடுபவரின் உடம்பு. 1972இல் ஸ்கொட்லாந்துக் கிற்றார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, சுவான்சி நகரில் புவித்தொடுப்பு இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். கோயில் திருவிழாவிலும் கல்யாண மண்டபத்திலும் ஜெனரேற்றரில் வாசிக்கப் போகும்போது, கிற்றாரைத் தோளில் மாட்டுவதற்கு முன் மைக்கின் வலைத்தலையில், மின்சாரம் இருந்தால் மினுங்கும் ரெஸ்ரரை வைத்துப் பாருங்கள். அது மினுங்கினால், வயரிங் செய்தவரைக் கூப்பிட்டுச் சரிசெய்யும்வரை மேடையில் ஏறாதீர்கள்.